கொஞ்சம் காற்றை இறக்குங்கள்!

கே: 'ஃபேட் பைக்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?
– மொழிப்பற்றாளர், மதுரை

ப: தடி டயர் சைக்கிள். 'கொழுத்த மிதிவண்டி' என்று ஒரு நண்பர் சொல்லிப் பார்த்தார். வண்டிக்கு மாட்டுச் சந்தை வாசம் வந்துவிட்டது. நம் அப்பாக்கள் ஓட்டிய சைக்கிளின் டயர் ஒன்றரை அங்குலம். மலைப்பாதை சைக்கிளுக்கு இரண்டு, இரண்டரை. இதற்கு ஏறத்தாழ 3.8-இல் தொடங்கி 5 அங்குலம் வரை போகிறது.

கே: இதைக் கண்டுபிடித்த மகராசன் யார்?
– வழுக்கி விழுந்தவர், கோயம்புத்தூர்

ப: ஒருவர் தலையில் கட்ட முடியாது. பாதிப் பழி பனிக்கு, பாதிப் பழி மணலுக்கு. அலாஸ்காவில் நாய்கள் வண்டி இழுத்த இடிடராட் பாதையில் 1987-இல் சைக்கிள் பந்தயம் வைத்தார்கள். சாதாரண டயர் பனிக்குள் கத்தி மாதிரி இறங்க, ஓட்டியதைவிடத் தள்ளியதுதான் அதிகம். அதே அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் நகரில் சைமன் ராக்கோவர் 44 மில்லிமீட்டர் அகல ரிம் செய்தார். தெற்கே நியூ மெக்சிகோவில் மணலில் ஓட்டுவதற்காக ரே மோலினா அதைவிட அகலமான ரிம்மும், அதற்கேற்ற டயரும் செய்தார். 2005-இல் மினசோட்டாவின் சர்லி நிறுவனம் 'பக்ஸ்லி' என்ற வண்டியையும், 3.7 அங்குல 'எண்டோமார்ஃப்' டயரையும் கடைக்குக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு கண்டவனும் வாங்கலாம் என்றானது. நானும் வாங்கினேன்.

கே: மினியாபொலிஸில் இது எனக்கு முதல் குளிர்காலம். கடையில் இருந்ததிலேயே விலை கூடிய 4.8 அங்குல டயராகப் பார்த்துப் போட்டேன். பனிப்பாதையில் என்னைத் தாண்டி ஒரு பாட்டி போகிறார், நான் புதைகிறேன். இன்னும் அகலமான டயர் வேண்டுமா?
– 78 கிலோ, மினியாபொலிஸ்

ப: வேண்டாம். பாட்டியிடம் இருப்பது அகலமான டயர் அல்ல, குறைவான காற்று. காற்றழுத்தம் எத்தனை பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு எத்தனை பவுண்டு) வைத்திருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவே இல்லை. கடைக்காரர் ஏற்றிக் கொடுத்தது அப்படியே இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

கணக்கு எளிது. நீங்கள், உங்கள் குளிர் உடுப்பு, வண்டி எல்லாம் சேர்த்து நூறு கிலோவுக்குப் பக்கம். பின்சக்கரத்தின் பங்கு 55 கிலோ என்று வைத்துக்கொள்வோம், அதாவது 121 பவுண்டு. டயருக்குள் 12 பி.எஸ்.ஐ. இருந்தால் தரையைத் தொடும் ஒவ்வொரு சதுர அங்குலமும் ஏறத்தாழ 12 பவுண்டு சுமக்கும். ஆக, பத்து சதுர அங்குலம் பனியைத் தொட்டாலே போதும் என்று டயர் நின்றுவிடும். அது உங்கள் உள்ளங்கை அளவு. அதையே 5 பி.எஸ்.ஐ. ஆக்குங்கள், 24 சதுர அங்குலம் பரவியாக வேண்டும். விரல்களை விரித்து வைத்த முழுக் கை. டயரின் சொந்த விறைப்பை இந்தக் கணக்கில் விட்டிருக்கிறேன், ஆனால் கதை மாறாது. அகல டயர் வாங்குவது அவ்வளவு காற்றை இறக்கியும் ரிம் தரையில் இடிக்காமல் இருக்கத்தான். காற்றை இறக்காவிட்டால், கொடுத்த காசுக்கு நீங்கள் வாங்கியது எடை மட்டும்தான்.

ஒட்டகம் எந்த டயர் கடைக்கும் போனதில்லை. பாதத்தை மெத்தென்று விரித்து வைக்கிறது, அவ்வளவுதான்.

தொடங்குவதற்கு ஓர் அளவு: இறுகிய பனிப்பாதைக்கு 6 முதல் 8, பொலபொலவென்ற புதுப் பனிக்கு 3 முதல் 5, காட்டு மண்பாதைக்கு 8 முதல் 12. உங்கள் எடைக்கு ஒன்றிரண்டு கூட்டலாம், குறைக்கலாம். சீட்டில் உட்கார்ந்ததும் டயரின் பக்கச்சுவரில் லேசாகச் சுருக்கம் விழுந்தால் பனிக்குத் தயார். 160 வரை எண் போட்ட பம்பில் 5-க்கும் 8-க்கும் முள் அசையாது. குறைந்த அழுத்தம் காட்டும் கேஜ் ஒன்றைத் தனியாக வாங்குங்கள். அடுத்த முறை பாட்டியைத் தாண்டினால் வணக்கம் சொல்லிவிட்டுப் போங்கள்.

கே: வீட்டுக்குள் சரியாக 8 வைத்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். ஏரிக்கரை போவதற்குள் டயர் தொளதொளக்கிறது. பஞ்சரும் இல்லை. திருடு போகிறதா?
– சந்தேகப் பேர்வழி, டுலூத்

ப: திருடன் குளிர்தான். குளிர்ந்த காற்று சுருங்கும். கேஜ் காட்டும் எட்டு, வெளிக்காற்றின் 14.7-க்கு மேலே உள்ள எட்டு. ஆக உள்ளே உண்மையில் 22.7 இருக்கிறது. 20 டிகிரி வீட்டிலிருந்து மைனஸ் 20-க்குப் போனால் அந்த மொத்தத்தில் ஏழில் ஒரு பங்கு போய்விடும். போவது மூன்று பி.எஸ்.ஐ.தான். சாலை சைக்கிளில் 80-இல் சில பி.எஸ்.ஐ. குறைந்தால் யாருக்கும் தெரியாது. எட்டில் மூன்று போனால் மீதி ஐந்துதான். வண்டியை அரை மணி நேரம் வெளியே நிறுத்திவிட்டு அங்கேயே அளந்து பாருங்கள். கை விறைக்கும். டயருக்கும் அப்படித்தான் இருந்தது.

கே: டயரே இவ்வளவு மெத்தை என்றால், முன்னால் ஷாக் அப்சார்பர் எதற்கு?
– சிக்கனம், திருச்சி

ப: சின்ன அதிர்வுக்கு எல்லாம் வேண்டாம்தான். கூழாங்கல், பனியில் உறைந்துபோன காலடித் தடம் இதையெல்லாம் டயரே விழுங்கிவிடும். பெரிய அடிக்குத்தான் சங்கடம். டயர் என்பது வெறும் ஸ்பிரிங். ஷாக் அப்சார்பருக்குள் அடியை வாங்கிக் கரைக்க எண்ணெய் இருக்கிறது. டயருக்குள் காற்றைத் தவிர ஒன்றும் கிடையாது. வாங்கியதைக் கொஞ்ச நேரத்தில் வட்டியோடு திருப்பிக் கொடுத்துவிடும்.

புதிதில் இந்த வட்டியை நானே கட்டியிருக்கிறேன். 15 பி.எஸ்.ஐ. வைத்துக்கொண்டு காட்டுப்பாதையில் ஒரு வேரின் மேல் வேகமாக ஏற்றினேன். முன்சக்கரம் கூடைப்பந்து மாதிரி எழும்பியது. இறங்கும்போது பாதை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மறுநாள் அதே வேர், அதே வேகம், 9 பி.எஸ்.ஐ. டயர் வேரைச் சுற்றி அமுங்கித் தவழ்ந்து போய்விட்டது. அன்றைக்குப் புரிந்தது இதுதான்: இடுப்பு நோகாமல் இருப்பதும் சக்கரம் தரையை விடாமல் இருப்பதும் இரண்டு வரம் அல்ல, பெரும்பாலும் ஒரே வரம். குதிக்கிற சக்கரத்துக்கு ஏது பிடிமானம்?

டயரின் துணியையும் பாருங்கள். ஓர் அங்குலத்துக்கு 120 இழை ஓடும் டயர் மெல்லிசு, வேட்டி மாதிரி வளையும். 30 இழை டயர் சாக்கு. விலை குறைவு, முள்ளுக்கும் அசையாது, ஆனால் காற்றை இறக்கினாலும் விறைத்துக்கொண்டே நிற்கும். ஒரே 8 பி.எஸ்.ஐ.யில் இரண்டும் இரண்டு வண்டி. ட்யூபை எடுத்துவிட்டு உள்ளே பஞ்சர் அடைக்கும் திரவம் ஊற்றினால் இன்னும் கொஞ்சம் இளகும். எடையும் குறையும்.

கே: மகன் ஃபேட் பைக் வேண்டும் என்று மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. ஓட்டப்போவது எங்கள் தெருவில்தான். வாங்கலாமா?
– பாவப்பட்ட அப்பா, மடிப்பாக்கம்

ப: ஐயா, மூன்று நாள் என்றால் சமையலறையில் பிஸ்கட் டப்பாவை ஒருமுறை பாருங்கள். மற்றபடி, தார் ரோட்டில் இந்த வண்டி எருமை. இரும்புச் சட்டம், கியர் கிடையாது, நாலு அங்குல டயர். இதுதான் நம்மூரில் மலிவாகக் கிடைப்பது. பள்ளம், வேகத்தடை எல்லாம் சுகமாகத்தான் இருக்கும். எதிர்க்காற்றில் பையன் உங்களுக்கு போன் போடுவான்.

வாங்கிவிட்டீர்களானால் இரண்டு விஷயம். மேலே பனிக்காரருக்குச் சொன்ன அளவை உங்கள் தெருவில் வைக்காதீர்கள். கெட்டித் தரையில் காற்றுக் குறைந்த தடி டயர் ஹேண்டிலைத் தன்போக்கில் இழுக்கும். ரோடு எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கம் போகும். பையன் வண்டியை ஓட்ட மாட்டான், வண்டி பையனை ஓட்டும். 15 முதல் 20 வைத்தால் அடங்கும். இரண்டாவது, தெருமுனை பஞ்சர் கடையில் சொல்லிவிட்டு நில்லுங்கள். மோட்டார் பைக்குக்கு அடிக்கிற கைப்பழக்கத்தில், கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, கல்லு மாதிரி ஆகும்வரை கம்ப்ரஸரை விடமாட்டார். இந்த டயர்கள் பலவற்றுக்கு உச்ச வரம்பே 20, 30தான். பக்கச்சுவரில் எழுதியிருக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள்.

கே: பனிக்கட்டியில் வழுக்காமல் இருக்க பட்டன் பெரிதாக உள்ள டயர் போடலாமா?
– முழங்கால் கட்டு, டுலூத்

ப: கட்டு எப்படி வந்தது என்று ஊகிக்க முடிகிறது. பட்டன் எதையாவது குத்தி இறங்கினால்தான் பிடிக்கும். பனித்தூளில் இறங்கும், மண்ணில் இறங்கும். உறைந்த ஏரியில் எங்கே இறங்குவது? அங்கே காற்றைக் குறைத்தாலும், அகலத்தைக் கூட்டினாலும், குலதெய்வத்தை வேண்டினாலும் பலன் ஒன்றுதான். ஆணி டயர் வேண்டும். டங்ஸ்டன் கார்பைடு முனை வைத்த சின்ன ஆணிகள், ஒரு டயருக்கு இருநூறு, அதற்கு மேலும்கூடப் பதித்திருப்பார்கள். டயர் ஒன்றின் விலையே இருநூறு டாலரைத் தாண்டக்கூடும்.

காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் முன்சக்கரத்தில் போடுங்கள். பின்சக்கரம் வழுக்கினால் ஒரு கால் ஊன்றித் தப்பிக்கலாம். முன்சக்கரம் போனால் யோசிக்க நேரமே கிடையாது. உங்கள் முழங்காலுக்கு இது தெரியும். புது ஆணி டயரில் முதல் நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் சடன் பிரேக் போடாமல் நிதானமாக ஓட்டுங்கள். ஆணி ரப்பருக்குள் உட்கார அவகாசம் வேண்டும்.

கே: முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று ஜோடி மாற்றி டயர் போடுகிறார்களே, ஸ்டைலா?
– ஜோடிப் பொருத்தம், ஈரோடு

ப: வேலைப் பிரிவினை. முன் டயர் திரும்பும்போது பக்கவாட்டில் பிடிக்க வேண்டும்; பின் டயர் மிதிக்கும்போது பின்னுக்கு உதைக்க வேண்டும். சர்லி அதற்கென்றே 4.8 அங்குலத்தில் 'பட்', 'லூ' என்று இரட்டையரை விட்டது. பட் முன்னால், லூ பின்னால். மாற்றிப் போட்டால் பாதகமில்லை, பலனும் இல்லை.

கே: மழைக்கால வயல் வரப்பில் ஓட்டலாமா?
– டெல்டாக்காரன், மன்னார்குடி

ப: ஓட்டலாம், பத்தடி. களிமண் பட்டனுக்குள் அப்பிக்கொண்டதும் உங்களிடம் இருப்பது இரண்டு பெரிய மொட்டை டயர். அடியில் கெட்டித் தரை உள்ள சேற்றில் மெல்லிய டயர் அறுத்துக்கொண்டு போய் அதைத் தொட்டுவிடும். தடி டயர் மேலேயே மிதந்து சறுக்கும். மணல் கேளுங்கள், சிபாரிசு செய்கிறேன். அதிலும் அலை நனைத்த மணல் என்றால் சுகம். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் செயின் துருப்பிடித்துவிடும்.

கே: பனிப்பாதையில் சறுக்குக்காரர்கள் என்னைப் பார்த்து முறைக்கிறார்கள்.
– அப்பாவி, செயின்ட் பால்

ப: பின்னால் திரும்பி உங்கள் தடத்தைப் பாருங்கள். அமுக்கிச் சமன் செய்த பாதையில் ஓர் அங்குலத்துக்கு மேல் பள்ளம் விழுந்தால் இறங்கிவிடுவதுதான் இங்குள்ள மரியாதை. டயர் 3.8 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, காற்று 10 பி.எஸ்.ஐ.க்கு மேல் கூடாது என்று பல இடங்களில் விதியே உண்டு. முறைப்பும் காற்றோடு சேர்ந்து இறங்கும்.

கே: இந்த வண்டியில் எவ்வளவு தூரம் போயிருக்கிறார்கள்?
– ஊர்சுற்றி, நாகர்கோவில்

ப: தென்துருவம் வரை. டேனியல் பர்ட்டன் அண்டார்டிகாவின் கரையிலிருந்து கிளம்பி 2014 ஜனவரியில் ஃபேட் பைக்கில் போய்ச் சேர்ந்தார்; ஐம்பது நாளை ஒட்டி ஆயிற்று. அதற்குச் சில வாரம் முன்பே, 2013 டிசம்பரில், மரியா லையர்ஸ்டாம் தடி டயர் மாட்டிய மூன்று சக்கர சைக்கிளில் வேறு வழியாகப் பத்தே நாளில் போய்விட்டார். மூன்று சக்கரத்தைச் சைக்கிள் என்று ஒப்புக்கொள்ளலாமா என்று இன்னும் சிலர் மூக்கைச் சிந்துகிறார்கள். நான் ஒப்புக்கொள்வேன். அந்தக் குளிரில் கால் ஊன்ற வேண்டாமே.

கே: ஊருக்கெல்லாம் சொல்கிறீர்களே, உங்கள் வண்டியில் இப்போது எத்தனை பி.எஸ்.ஐ.?
– வம்புக்காரி, சேலம்

ப: காலையில் கூடத்தில் வைத்து 6 அடித்தேன். உங்கள் கடிதங்களுக்குப் பதில் எழுத உட்கார்ந்ததில் வண்டி வாசலில் நிற்பதே மறந்துபோனது. வெளியே மைனஸ் 18. மூன்றுக்குச் சற்று மேலே இருக்கலாம். பம்பைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.