அசலூர் டீச்சர்

"விம்கோவா? நம்ம தொழிலக் கெடுக்க வந்த வெள்ளக்காரக் கம்பெனில்லா அது?" என்றாள் ஆச்சி. ஆசிரியர் பயிற்சியில் எனக்குச் சென்னை விம்கோ நகர்ப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளி கிடைத்திருக்கிறது என்று கோவில்பட்டிக்குப் போன் போட்டுச் சொன்னதற்குக் கிடைத்த ஆசீர்வாதம். ஆச்சி சின்ன வயதில் தீப்பெட்டி ஒட்டியவள். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் கற்றுவந்து சிவகாசியில் ஆலை போட்ட அதே 1923-ஐ ஒட்டித்தான் சுவீடன்காரர்களின் விம்கோவும் இந்தியாவில் கால் வைத்தது. நூறு வருஷப் பகை. "அசலூரு. பாத்து இரு. எங்க படுத்தாலும் வடக்க மட்டும் தல வைக்காத" என்று போனை வைத்துவிட்டாள்.

அசலூர் என்றதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தமிழ்நாடுதானே, அக்கா வீடும் அங்கேயே இருக்கிறது. வெளிநாட்டுக்குப் போகிறவர்களுக்குத்தான் மொழிப் பரீட்சை வைக்கிறார்கள். விம்கோ நகருக்கும் வைத்திருந்தால் நான் எழும்பூரிலேயே ஊருக்குத் திரும்பும் ரயிலில் ஏறியிருப்பேன்.

முதல் நாள், மூன்றாம் வகுப்பு. "மிஸ், இவன் என் பென்சில இஸ்துகினான் மிஸ். கேட்டா, அப்பால தரேன்னு டபாய்க்கிறான் மிஸ்." இதில் எனக்கு 'மிஸ்' மட்டும் மூன்று முறை புரிந்தது. அரசு காலை உணவுத் திட்டம் என்று சொல்வது இங்கே 'நாஸ்டா'. பின் பெஞ்சில் இருந்த ஒரு பையன்தான் எழுந்து வந்து, "இஸ்துகினான்னா புடுங்கிட்டான் மிஸ்" என்று விளக்கினான். அவனுடைய அப்பா அம்மா பிழைப்புக்காக ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். அன்றிலிருந்து எனக்கும் வகுப்புக்கும் நடுவே அவன்தான் தூதர். 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்போம். அந்தக் கணக்கில் அவன் மலர், நான் அரும்பு. எனக்குக் கீழே நிலை எதுவும் இல்லை.

பிரச்சினை அவர்கள் பேசுவது எனக்குப் புரியாததில் இல்லை. நான் பேசுவது அவர்களுக்கு வேறு மாதிரி புரிந்ததுதான் ஆபத்து. காலை இடைவேளையில் ஒருவன் படிக்கட்டில் தலைதெறிக்க ஓடினான். "ஏய், பையப் போ, பைய!" என்று கத்தினேன். நின்றான். என்னை ஒரு மாதிரி பார்த்தான். வகுப்புக்குத் திரும்பி வந்து புத்தகப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். கேட்டில் ஆயாம்மா மடக்கியபோது, "மிஸ்தான் பைய எத்துகினு போவ சொல்ச்சு" என்றானாம்.

"என்னம்மா, பதினோரு மணிக்கே பிள்ளைய வீட்டுக்கு அனுப்புறியாமே?" என்றார் எச்.எம். எங்கள் ஊரில் பைய என்றால் மெதுவாக என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுநாள் "வெரசா எழுதுங்க" என்றேன். "வெரசான்னா எந்த நோட்டு மிஸ்?" என்று ஒரு சிறுமி பையைத் துழாவினாள்.

இந்த லட்சணத்தில் என் பாடத்தைப் பார்வையிட விரிவுரையாளர் வந்தார். பாடம்: திசைகள். நான் குஷியாகிவிட்டேன். எங்கள் ஊரில் பந்தியில் இலை போடுகிறவர்கூட "கொஞ்சம் தெக்க தள்ளி உக்காருங்க" என்பார். திசை எங்கள் ரத்தத்தில் ஓடுகிறது. ராத்திரி இரண்டு மணிவரை கண் விழித்து ஒரு சார்ட் வரைந்திருந்தேன்: இரண்டு மலை, நடுவே சூரியன், நாலைந்து காக்கை.

சார்ட்டைத் தொங்கவிட்டதும் சிரிப்பு. "மிஸ், சூரியன் தண்ணிலேர்ந்துதான வரும்? மலைல எப்டி வரும்?" பள்ளிக்கூடத்துக்குக் கிழக்கே வங்காள விரிகுடா. இவர்கள் பிறந்ததிலிருந்து மலையைப் பார்த்ததில்லை. சூரியன் கடலிலிருந்து எழுவதைத் தினமும் பார்க்கிறார்கள்.

சமாளித்துக்கொண்டு கேட்டேன். "சரி, கிழக்கு எது?"

"கடலு!"

"மேற்கு?"

"ரயிலு!"

"வடக்கு?"

"எண்ணூரு!"

"தெற்கு?"

"தேரடி!"

ஒன்றுகூடத் தப்பில்லை. ஆனால் என் பாடக்குறிப்பில் எதிர்பார்க்கும் விடை என்ற கட்டத்தில் இதெல்லாம் இல்லை. விரிவுரையாளர் எதையோ எழுத ஆரம்பித்தார். அவர் பேனாவை நிறுத்த என் பொது அறிவை அவிழ்த்தேன். "நம்ம ஊர்ப் பேரிலேயே ஒரு திசை இருக்கு, தெரியுமா? வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி. அதைச் சுருக்கினா விம்கோ."

"வெஸ்டர்ன்னா இன்னா மிஸ்?"

"மேற்கு."

வகுப்பு மொத்தமும் ஜன்னல் வழியாகக் கடல் பக்கம் திரும்பியது. நோட்டுக்காகப் பையைத் துழாவிய அதே சிறுமி கேட்டாள்: "அப்ப ஏன் மிஸ் கடலாண்ட வச்சாங்கோ?"

பதில் எனக்குத் தெரியும். கம்பெனி முதலில் பம்பாய்ப் பக்கம் அம்பர்நாத்தில் ஆலை வைத்தது. பெயர் அங்கே ஒட்டிக்கொண்டது, பிறகு இங்கேயும் கூடவே வந்துவிட்டது. ஆனால் அதைச் சொல்ல இந்திய வரைபடம் வேண்டும். என்னிடம் இருந்தது இரண்டு மலை. நல்லவேளையாக மணி அடித்தது. என் பதிவேட்டில் சிவப்பு மையில் ஒரே வரி: "துணைக்கருவி ஊருக்குப் பொருந்தவில்லை." என்னைச் சொல்லவில்லை என்று இன்றுவரை நம்புகிறேன்.

அன்று ராத்திரி ஆச்சி போன் போட்டாள். "வடக்க தல வைக்கலல்லா?"

"இல்ல ஆச்சி. தேரடி பக்கந்தான் வச்சிகினு கீறேன்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "போன உங்க அக்காட்ட குடு" என்றாள்.