உல்லாச ஊர்திக்கும் ஓடத்துக்கும் உற்ற மின்கலம்: சித்தூர், திருப்பதி வட்டார நோக்கில் ஓர் ஆய்வு

இத்துறையில் இதுவரை முறையான ஆய்வு எதுவும் நிகழவில்லை என்று தொடங்குவது நம் ஆய்வேட்டு மரபு. தேடிப் பார்க்காதவர்கள் எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். நானும் தேடவில்லை.

ஆய்வெல்லை முதலில். தொல்காப்பியப் பாயிரம் வேங்கடத்தைத் தமிழின் வட எல்லை என்கிறது. எல்லை மலையின் இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா, மலையும் உட்பட்டதா என்று புலவர்கள் அடித்துக்கொண்டதில் செலவான மின்சாரத்தை யாரும் கணக்கிடவில்லை. எனக்கு அந்தத் தொல்லை இல்லை. 1911 ஏப்ரல் 1 அன்று உருவான சித்தூர் மாவட்டமே என் எல்லை என்று முதல் இயலை எழுதி முடித்திருந்தேன். 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டமாகிவிட்டது. இயலை நடுவே கிழித்து இரண்டாகத் தைத்தேன். பக்க எண்ணிக்கை கூடியதால் நெறியாளருக்கு மகிழ்ச்சி.

களத் தேர்வுக்குக் காரணம் கூற வேண்டும். ஒவ்வொரு திணைக்கும் கருப்பொருள் உண்டு. திருப்பதிக்கு அருகே கரகம்பாடியின் கருப்பொருள் பேட்டரி. அமெரிக்காவில் பொறியாளராக இருந்து ஊர் திரும்பிய கல்லா ராமச்சந்திர நாயுடு 1985இல் அமர ராஜா நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் அமரான் பேட்டரி 2000இல் சந்தைக்கு வந்தது. ஆக, மாம்பழமும் பாலும் போலப் பேட்டரியும் இந்த மண்ணின் விளைச்சல். விளையும் ஊர்க்காரனுக்கு அதைப் பற்றித் தானாகவே தெரிந்திருக்கும் என்பது என் கருதுகோள். அது பொய்த்துவிட்டதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசி இயல்வரை மறைப்பது வாசகரை வதைப்பது.

அடுத்து, சொல்லாராய்ச்சி. ‘டீப் சைக்கிள்’ என்பதற்கு ஆழ்சுழற்சி, ஆழ்வட்டம், ஆழ்சுழல் என்று மூன்று தமிழாக்கங்கள் என்னிடம் உள்ளன. மூன்றையும் சித்தூர்க் கடையில் சொல்லிப் பார்த்தேன். “அது ஃபேன்சி ஸ்டோர்ல கேளுங்க சார்” என்றார் கடைக்காரத் தம்பி. சரி என்று ‘டீப் சைக்கிள்’ என்றேன். சைக்கிள் இந்த வட்டாரத்தில் ஒரு கட்சியின் சின்னம். பெஞ்சில் காத்திருந்த இருவர் நிமிர்ந்து உட்கார்ந்து, நான் எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். “டியூபுலர் வேணுமா சார், எத்தன ஃபேனு?” என்று தம்பிதான் என்னை மீட்டார். கலைச்சொல் குழுக்கள் பல கூடியும் எட்ட முடியாத துல்லியம் அந்த ‘எத்தன ஃபேனு’வில் இருக்கிறது.

வகைப்பாடு. பேட்டரி இரு வகைப்படும்: கிளப்புவது, உழைப்பது. இன்ஜினைக் கிளப்பும் பேட்டரிக்குத் தகடுகள் மெல்லியவை, எண்ணிக்கையில் அதிகம். சில நொடிக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் ஆல்டர்னேட்டர் அதை நிரப்பிவிடும். அடிவரை இறக்கினால் சில தடவையிலேயே செத்துப்போகும். உழைப்பதற்குத் தகடு தடிமன். டியூபுலர் என்றால் நேர்மின் பக்கம் ஈயக் கம்பிகளைச் சுற்றித் துணிக்குழாயில் ஈய ஆக்சைடை அடைத்திருப்பார்கள். மணிக்கணக்கில் இறங்கும், ஏறும், மறுநாளும் இறங்கும். கருத்தரங்கில் கட்டுரை வாசிப்போர் பெரும்பாலும் முதல் வகை. ‘அவையோர்க்கு வணக்கம்’ வரை நூற்றுக்கணக்கான ஆம்பியர். அதன் பிறகு தள்ள ஆள் வேண்டும்.

உல்லாச ஊர்தி என்று மேலைநாட்டார் சொல்வது சமையலறையும் படுக்கையும் கொண்ட வண்டி. நம் வட்டாரத்தில் அது புரட்டாசிச் சனிக்கிழமைக்கு வரும் டூரிஸ்ட் வேன். படுக்கை உண்டு, அதாவது சீட்டுக்கு நடுவே பாய். சமையல் உண்டு, அதாவது புளியோதரைத் தூக்கு. இரவு முழுக்கச் சீரியல் லைட்டு, பாட்டு, பதினாறு செல்போன் சார்ஜ். இத்தனையும் இன்ஜினைக் கிளப்பும் பேட்டரியிலிருந்து. அலிபிரியில் விடியற்காலை சாவியைத் திருப்பினால் ‘கட், கட்’ என்ற ஓசை. மொட்டைத் தலையர் பத்துப் பேர் இறங்கி ‘கோவிந்தா’ என்று தள்ள, வண்டி கிளம்புகிறது. இதைப் பக்தி என்பாரும் உளர். கிளப்புவதற்கு ஒரு பேட்டரி, விளக்குக்கு ஒரு டீப் சைக்கிள் பேட்டரி, ஒன்று மற்றதை உறிஞ்சாதபடி இடையில் ஓர் ஐசொலேட்டர் என்று வைத்தால், கோவிந்த நாமத்தை மலைக்கே சேமித்துக்கொள்ளலாம்.

படகுக்கும் இதே விதி. சாய்ந்தாலும் ஆசிட் கொட்டாதபடி மூடிய ஏஜிஎம், ஜெல் வகைகளை அங்கே விரும்புவர். புலிகாட் ஏரிப் படகுகள் தனி ஆய்வுக்குரியன. திருமலைப் புஷ்கரிணித் தெப்போற்சவம் ஐந்து நாள். அதற்குப் பேட்டரி தேர்ந்தெடுக்கும்படி என்னை யாரும் அழைக்கவில்லை.

லித்தியம்: எடை குறைவு, ஆயுள் அதிகம், விலை அதிகம், தண்ணீர் வேண்டாம். தண்ணீர் வேண்டாத பேட்டரியில் ஆய்வதற்கு ஒன்றுமில்லை, விடுக.

இங்கேதான் என் கண்டுபிடிப்பு. ஊர்தியும் ஓடமும் நம் ஒவ்வொருவர் வீட்டு மாடிப்படிக்கடியில், செருப்பு ஸ்டாண்டுக்கு அருகில் நிற்கின்றன. இன்வெர்ட்டர் டிராலிக்குச் சக்கரம் நான்கு. வாங்கிய நாள் முதல் ஒரு சாண் நகர்ந்ததில்லை. ஆகவே அது உல்லாசத்துக்கான ஊர்தியே. அதன்மேல் இருக்கும் டியூபுலர் பேட்டரியில் ஆறு செல், ஒவ்வொன்றிலும் ஒரு மிதவை. தண்ணீர் இருந்தால் பச்சை தெரியும், குறைந்தால் சிவப்பு. நீரில் மிதப்பது ஓடம். ஆகவே வீட்டுக்கு ஆறு ஓடம். ஆறு என்ற எண்ணைக் கண்டவுடன் அறுபடை வீட்டுக்குப் போய்விடும் அறிஞர்களை நான் பின்பற்றவில்லை. ஒரு செல்லுக்கு ஏறக்குறைய 2.1 வோல்ட், ஆறுக்கு 12.6, முருகனுக்கு இதில் பங்கில்லை.

தேர்வு முறையை விரைந்து சொல்லிவிடலாம். மூன்று ஃபேன், நான்கு எல்இடி பல்பு என்றால் சுமார் 260 வாட். 12 வோல்ட், 150 ஏஎச் பேட்டரியில் ஏட்டுக்கணக்கில் 1800 வாட்-மணி. ஆயுள் கருதிப் பாதியோடு நிறுத்தினால் 900. இன்வெர்ட்டர் தின்பது போக மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அந்த 150 என்பதே 20 மணி நேரம் 7.5 ஆம்பியராக நிதானமாக இழுத்தால் கிடைப்பது. அவசரமாக இழுத்தால் குறையும் என்று பாய்க்கர்ட் 1897இலேயே விதி எழுதிவிட்டார். வெயிலும் தின்னும்: 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. திருப்பதி மே மாதத்தை இதில் பொருத்திப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

இனி இவ்வாய்வின் உயிர்நிலையான தீர்த்தவியல்.

சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலுள்ள தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து போகும், ஆசிட் போகாது. ஆகவே ஊற்ற வேண்டியது தண்ணீர் மட்டுமே, ஆசிட் அன்று. ஆசிட் ஊற்றுவோரோடு எனக்கு வாதமில்லை. எந்தத் தண்ணீர் என்பதில்தான் எங்கள் தெருவில் நான்கு சம்பிரதாயங்கள்.

ஏசி நீர்ச் சம்பிரதாயத்தின் ஆசாரியர் மேல்மாடி மாமா. ஏசிக் குழாயில் சொட்டுவது ஆவி குளிர்ந்த நீர், ஆகவே அதுவே டிஸ்டில்டு என்பது அவர் சித்தாந்தம் (காண்க: மாமா, மொட்டைமாடி உரை, துணி காயப்போடுகையில்). ஆவிவரை சரி. செம்பிலும் அலுமினியத்திலும் வழிந்து, ஓராண்டுத் தூசியையும் சேர்த்துக்கொண்டு இறங்குவதை அவர் எண்ணவில்லை.

ஆர்.ஓ. சம்பிரதாயம் கீழ்வீட்டார் வழி. குடிக்க நல்லதென்றால் பேட்டரிக்கும் நல்லது என்பர். ஆர்.ஓ. நீரிலும் உப்பு மிச்சமுண்டு (மேலது). மழைநீர்ச் சம்பிரதாயத்துக்கு ஆதாரம் ஒரே ஒரு சுவடி: எங்கள் சமையலறை நாள்காட்டியின் நவம்பர்த் தாள், காபி டம்ளர் வட்டத்தின் உட்புறம், பால் கணக்குக்கும் கேஸ் வந்த தேதிக்கும் இடையில், பென்சிலில், ‘மழ தண்ணி பிடி’ என்ற மூன்று சொல். ‘பிடி’ என்பது ஏவலா, பெண்யானையா என்பதில் எனக்கும் மூத்த மகனுக்கும் கருத்து வேறுபாடு. தாளின் மறுபாதி மிளகாய் பஜ்ஜியோடு பயணப்பட்டுவிட்டதால் முடிவு காண இயலவில்லை (மேலதுக்கும் மேலது, எண்ணெய்க் கறையையும் ஒப்பிடுக).

நான்காவது, காய்ச்சி ஆறவைக்கும் சம்பிரதாயம். மாமியார் நிறுவியது. காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு சாகாது, நீர் சுண்டச் சுண்ட இன்னும் செறியும் என்று பணிவோடு எடுத்துரைத்தேன். “உங்க ஊர்ல பச்சத் தண்ணியக் குடிப்பீங்களா மாப்ள?” என்றார். மறுப்புரை ஏற்கப்பட்டது.

நூலறிவும் கடைத் தம்பியும் ஒருங்கே சொல்வது டிஸ்டில்டு வாட்டர். சார்ஜ் முழுக்க ஏறிய பிறகு, குறி வரைக்கும், அதற்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம். ஐந்து லிட்டர் கேன் வாங்கி, கைக்கு அடக்கமாக ஒரு லிட்டர் பாட்டிலில் ஊற்றி வைத்தேன். பாடபேதம் இங்கேதான் நுழைந்தது. அதே வாரம் மாமியார் திருமலை சென்று ஆகாச கங்கைத் தீர்த்தம் அதேபோன்ற பாட்டிலில் கொண்டுவந்தார். இரண்டிலும் லேபிள் இல்லை, இரண்டும் நிறமற்றவை. பிரதி செய்வோர் வரி மாற்றி எழுதும் பிழையை ஏளனம் செய்து இருபது பக்கம் எழுதியவன் நான். அந்தச் சனிக்கிழமை எலக்ட்ரீஷியன் வந்தபோது, “ஏங்க, ஜன்னல்ல இருக்குற பாட்டில்” என்று மனைவி உள்ளிருந்து சொன்னாள். நான் எடுத்தது பூஜை அறை ஜன்னலில் இருந்ததை.

மாலையில் தீர்த்தம் வாங்க வந்த மேல்மாடி மாமா இரண்டு உத்தரணி அருந்தி, மிச்சத்தைத் தலையில் தடவிக்கொண்டு, “மலைத் தண்ணி மலைத் தண்ணிதான், என்ன லேசு!” என்றார். தீர்த்தவியலில் நான் சந்தித்த ஒரே துல்லியமான நீர்ச் சோதனை அது. உப்பே இல்லாத தண்ணீர் லேசாகத்தானே இருக்கும்.

பேட்டரி? மூன்று மாதமாகிறது. ஐந்து செல்லின் மிதவை வழக்கம்போல் இறங்கி, தண்ணீர் கேட்டு, மீண்டும் ஏறிவிட்டது. மூன்றாம் செல்லில் மட்டும் பச்சை பச்சையாகவே நிற்கிறது. மிதவை ஒட்டிக்கொண்டிருக்கிறது, மூடியைத் தட்டினால் இறங்கும் என்கிறார் எலக்ட்ரீஷியன். மாமியார் நேற்று அந்த மூடிக்கு மட்டும் குங்குமம் வைத்திருக்கிறார். தட்டுவதற்கு எலக்ட்ரீஷியன் உட்பட யாருக்கும் கை வரவில்லை.