மரை கழன்ற கதை

எனக்கு மரை கழன்றுவிட்டது என்று மனைவி சொன்னால் நான் கோபித்துக்கொள்வதில்லை. "எந்த மரை? 55 டிகிரியா, 60 டிகிரியா?" என்று கேட்பேன். அத்தோடு பேச்சு நின்றுவிடும்.

விஷயம் இதுதான். என்னிடம் பழங்காலத்து மோட்டார் மெக்கானிக் ஸ்பேனர்கள் 41 இருந்தன. கார் கிடையாது. மனைவியிடம் ஒரு ஸ்கூட்டர் உண்டு. அதன் இடது கண்ணாடி நாலு மாதமாகத் தலை தொங்கி, பின்னால் வருகிற லாரியைக் காட்டாமல் அவள் செருப்பைக் காட்டிக்கொண்டிருந்தது. "இத்தனை வச்சிருக்கீங்களே, ஒண்ணை எடுத்து முறுக்கக் கூடாதா?" என்பாள். அதற்கு 14 மில்லிமீட்டர் வேண்டும். என்னிடம் இருப்பதெல்லாம் அங்குலக் கணக்கு. 9/16 ஏறக்குறையப் பொருந்தும்தான். ஆனால் ஏறக்குறையப் பொருந்துகிற ஸ்பேனரால்தான் உலகத்தில் நட்டுகளின் முனை மழுங்குகிறது. கொள்கை என்று ஒன்று இருக்கிறதல்லவா?

இந்த வியாதி புதுப்பேட்டையில் தொற்றியது. நண்பர் தன் பழைய காருக்கு ஹெட்லைட் தேடி அலைய, துணைக்குப் போன நான் ஒரு காயலான் கடை வாசலில் உட்கார்ந்திருந்தேன். காலடியில் இரும்புக் குவியல். பொழுது போகாமல் ஒரு ஸ்பேனரை உருவினேன். ஒரு பக்கம் 1/4 டபிள்யூ, அதே வாய்க்குக் கீழே 5/16 பிஎஸ்எஃப். நடுவில் 1943. பக்கத்திலேயே காக்கை மிதித்துவிட்டுப் போனது போல மூன்று கோடுகள்.

"எவ்வளவு பாய்?"

"கிலோ கணக்குதான் சார், போட்டு எடுங்க."

நான் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்தைப் படித்தேன். பாய் தராசை உள்ளே எடுத்து வைத்துவிட்டார். "இது தனி ரேட் சார்." அன்று கற்ற முதல் பாடம்: காயலான் கடையில் கண்ணாடி போட்டால் விலை ஏறும்.

"இந்தக் கோடு என்ன பாய்?"

அவர் ஸ்பேனரைத் தலைகீழாகத் திருப்பினார். "நாமம் சார்."

அது பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்துக்கு அடிக்கும் அம்புக்குறி முத்திரை, போர்க்காலத்தில் ராணுவத்துக்குச் செய்த சரக்கு என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அவர் சொன்ன விலையைக் கொடுத்தபோது, நாமம் என்பதும் சரிதான் என்று பட்டது.

வீட்டுக்கு வந்து வாயை அளந்தேன். 1/4 என்று போட்டிருக்கிறது. வாயோ அரை அங்குலத்துக்கும் மேலே, 13.3 மில்லிமீட்டர்! ராணுவத்தையே ஏமாற்றியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். பிறகுதான் ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேயரைப் படித்தேன். அவருக்கு முன்னால் பட்டறைக்குப் பட்டறை மரை வேறு; இந்தப் பட்டறை நட்டு அந்தப் பட்டறை போல்ட்டில் ஏறாது. 1841ல் அவர்தான் 55 டிகிரி மரை என்று ஒரு பொதுக் கணக்கு வகுத்தார். அந்தக் கணக்கில் ஸ்பேனரில் இருக்கும் எண் அதன் வாய் அளவு அல்ல. அது பிடிக்கப்போகும் போல்ட்டின் உடம்பு அளவு. "நீங்க யாரு சார்?" என்றால், "கலெக்டர் ஆபீஸ்ல இருக்காரே, அவரோட மச்சான்" என்கிறவர்கள் உண்டல்லவா? விட்வொர்த் ஸ்பேனர் அந்த ஜாதி.

ஏஎஃப் என்று பொறித்தவை யோக்கியமானவை. 1/2 என்றால் வாயும் அரை அங்குலம். மில்லிமீட்டரும் அப்படியே. இந்த மூன்று குடும்பங்களும் நம் ஊர் மெக்கானிக்குகளின் ஒரே பெட்டியில் குடித்தனம் நடத்தியிருக்கின்றன. 1955ல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டின் புல்லட்டோடு விட்வொர்த், அம்பாசிடரோடு ஏஎஃப், 1983ல் மாருதி வந்த பிறகு எங்கும் மில்லிமீட்டர். அப்போதுதான் முதலிரண்டும் மூட்டை மூட்டையாகக் காயலான் கடைக்கு வந்து சேர்ந்தன. அங்கிருந்து என் வீட்டுக்கு.

பெயர்களைப் படிப்பதே ஒரு போதை. கெடோரே என்று ஒன்று. ஏதோ இத்தாலிய வாத்தியம் என்று நினைத்தேன். ரெம்ஷைட் என்ற ஜெர்மன் ஊரில் டோவிடாட் சகோதரர்கள் 1919ல் தொடங்கிய கம்பெனி. சகோதரர்கள் என்பதற்கான ஜெர்மன் சொல், குடும்பப் பெயர், ஊர்ப் பெயர் மூன்றிலும் இரண்டிரண்டு எழுத்தைக் கிள்ளிச் சேர்த்த பெயர். ஸ்னாப்-ஆன் என்ற அமெரிக்கச் சரக்கில் எந்த வருஷம் செய்தது என்பதையே ஒரு சிறு குறியாக அடித்திருப்பார்கள். இந்தக் குறிகள்தான் ஜாதகம். அதனால் துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது. ஜாதகமும் சேர்ந்து போய்விடும். நான் புளிக்கரைசலில் ஒரு ராத்திரி ஊறப்போட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, எண்ணெய் தடவி வைப்பேன். மறுநாள் ரசத்தில் புளிப்பு குறைந்தால் வீட்டில் யாரும் காரணம் கேட்பதில்லை.

போன மாதம் தெருமுனை மெக்கானிக் வந்தார். கடைக்கு ஒரு பழைய புல்லட் வந்திருக்கிறதாம். "உங்ககிட்ட கால் இஞ்சு விட்வொர்த் இருக்குன்னாங்க சார்." என்னைத் தேடி ஒரு மெக்கானிக்! 1943ஐ எடுத்து, விட்வொர்த் வரலாற்றைச் சுருக்கமாக இருபது நிமிஷம் சொல்லி, கொடுத்தனுப்பினேன்.

மூன்றாம் நாள் திரும்பி வந்தது. கண்ணாடி மாதிரிப் பளபளத்தது.

"வேலை முடிஞ்சுது சார். இது ரெண்டுங்கெட்டானா இருந்துச்சு. பதிமூணு நட்டுல ஆடுது, பதினாலுல ஏறல. கிரைண்டர்ல லேசா ஒரு புடி புடிச்சேன். இப்ப கரெக்டா பதினாலு. துரு வேற கெடந்துச்சு, பஃப் அடிச்சிட்டேன். காசெல்லாம் வேணாம் சார்."

1/4 இல்லை. 1943 இல்லை. ஸ்பேனரில் இருந்த நாமம் மறைந்து என் நெற்றிக்கு வந்திருந்தது. "ரொம்ப தேங்க்ஸ்" என்றேன். வேறென்ன சொல்வது?

இரண்டு நாள் துக்கம் காத்தேன். மூன்றாம் நாள் அலமாரியில் அதன் இடம் காலியாக இருந்தது. வாசலுக்கு ஓடினேன். ஸ்கூட்டர் கண்ணாடி நிமிர்ந்து, தெருவையும் தெருவில் நின்ற என்னையும் சுத்தமாகக் காட்டியது. மனைவி ஸ்பேனரைத் துணியில் சுற்றி ஸ்கூட்டர் டிக்கியில் வைத்துப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

"நல்ல ஸ்பேனருங்க. எங்க வாங்கினீங்க?"

இப்போது என்னிடம் 40 ஸ்பேனர்கள் இருக்கின்றன. அவளிடம் ஒன்று இருக்கிறது.