மாத்திரையும் மாவடுவும்

கேள்வி: எனக்கு பிபி 160/100 இருந்தது. மூன்று மாதம் மாத்திரை போட்டதில் 124/80 ஆகிவிட்டது. இனி நிறுத்திவிடலாம்தானே?
– சான்பாடா வாசகர்

பதில்: 124-க்குக் கை கொடுங்கள்! ஆனால் அது நீங்களும் மாத்திரையும் கூட்டாகச் சம்பாதித்தது. கூட்டாளியை விரட்டினால் பெரும்பாலும் சில நாளிலோ வாரத்திலோ பழைய கணக்கு திரும்பிவிடும். சில மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் பிபி எகிறுவதும் உண்டு. எடை குறைந்து, உப்பும் குறைந்திருந்தால் டாக்டரே அளவைக் குறைக்கலாம். அதை அவரிடம் விடுங்கள்.

கேள்வி: தலைவலி இல்லை, மயக்கம் இல்லை. எனக்கு எப்படி பிபி இருக்கும்?

பதில்: இருக்கும். பெரும்பாலானவர்களிடம் அது ஒரு வார்த்தையும் சொல்லாமல் நேராக இதயம், மூளை, சிறுநீரகம், கண் என்று போய்விடும். அளந்து பார்ப்பது ஒன்றே வழி.

கேள்வி: ஊரிலிருந்து பெரியப்பா சர்ப்பகந்தா வேர்ப்பொடி கொண்டுவந்திருக்கிறார். ‘இங்கிலீஷ் மருந்தைத் தூக்கிப் போடு’ என்கிறார்.

பதில்: பெரியப்பா வெறுங்கையோடு வரவில்லை. அந்த வேருக்கு உலகப் புகழ் வாங்கித் தந்ததே நம் மும்பைதான். பரேல் கே.இ.எம். ஆஸ்பத்திரி டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல், 50 ரத்தக் கொதிப்பு நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த விவரத்தை 1949-இல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதினார். 1952-இல் சுவிட்சர்லாந்தில் அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். 1957-இல் வக்கீலுக்கு லாஸ்கர் விருது கிடைத்தது. எனக்கு இதில் பெருமை உண்டு.

ஆனால் ரெசர்பின் சாப்பிட்டவர்களில் சிலருக்கு மூக்கடைப்பு வந்தது, சிலருக்கு மனச்சோர்வு வந்தது. நல்ல மாற்று மருந்துகள் வந்ததும் அது ஒதுங்கிக்கொண்டது. பெரியப்பாவின் டப்பாவில் ஒரு ஸ்பூனுக்கு எவ்வளவு ரெசர்பின் என்று யாருக்குத் தெரியும்? மாத்திரையோடு அதையும் சேர்த்தால் பிபி தடாலென்று இறங்கலாம். பெரியப்பாவை வணங்குங்கள், டப்பாவை டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: கிளினிக்கில் 150, வீட்டில் 130. எது சரி?

பதில்: ஹார்பர் லைன் ரயில் கூட்டத்தில் நசுங்கி, ஓட்டமாக கிளினிக் படியேறி, உட்கார்ந்ததும் கையை நீட்டியிருப்பீர்கள். ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட, கை நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். அளப்பதற்கு முந்தைய அரை மணியில் காபி, சிகரெட் கூடாது; அளக்கும்போது பேச்சும் வேண்டாம். வீட்டில் ஒரு வாரம் காலையும் மாலையும் இரண்டிரண்டு முறை பார்த்து எழுதிக்கொண்டு போங்கள். வீட்டு அளவு 135/85-க்குக் குறையாமலே இருந்தால் அது பிபிதான்.

கேள்வி: அம்மா மாவடு அனுப்பியிருக்கிறாள். சாப்பிடலாமா?

பதில்: ஒரு நாளுக்கு மொத்த உப்பே ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள். சாம்பார், அப்பளம், ஸ்டேஷன் வாசல் வடா பாவ் எல்லாம் அதில் அடக்கம். எப்போதாவது ஒரு மாவடு, அன்றைக்கு அப்பளம் கிடையாது. ‘உப்புக்குப் பதில்’ என்று விற்கும் பொட்டாசியம் உப்பை மட்டும் டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். டெல்மிசார்டன் என்ற பிபி மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் அது ஆபத்து.