மேசைக்கு எண்ணெய்க் குளியல்

எங்கள் வீட்டில் தாத்தா காலத்து எழுத்து மேசை ஒன்று இருக்கிறது. பர்மா தேக்கு. தமிழ்நாட்டில் தாத்தாக்கள் விட்டுப்போன மேசை, நாற்காலி, கட்டில் எல்லாமே பர்மா தேக்குதான். அத்தனை தாத்தாக்களுக்கும் மரம் அனுப்பியிருந்தால் பர்மாவில் இன்று பல்குத்தக்கூட ஒரு குச்சி மிஞ்சியிருக்காது.

தாத்தா அதில் கணக்கு எழுதினார். அப்பா அதன்மேல் பஞ்சாங்கமும் மூக்குக் கண்ணாடியும் வைத்தார். துண்டின் நுனியால் தூசி தட்டியதைத் தவிர இருவரும் அதற்கு வேறெதுவும் செய்ததில்லை. மேசை முகம் பார்க்கிற மாதிரி பளபளவென்று இருந்தது. பிறகு அது என் பொறுப்பில் வந்தது. எனக்குப் பொருள்களைப் பராமரிக்கும் கெட்ட பழக்கம் உண்டு.

முதலில் மரம் வறண்டிருப்பதாக எனக்குத் தோன்றியது. ஒரு கிண்ணம் தேங்காயெண்ணெயை எடுத்துச் சூடு பறக்கத் தேய்த்தேன். அன்று மாலை மின்விளக்கொளியில் மேசை ஜொலித்தது. மறுநாள் தூசியும் எறும்பும் வந்தன. மூன்றாம் நாள் மாமனார் வந்தார். சலவை வேட்டி சட்டையோடு உட்கார்ந்து, முழங்கையை மேசையில் ஊன்றிப் பேப்பர் படித்தார். எழுந்தபோது தலையங்கம் பாதி மேசையோடு ஒட்டிக்கொண்டது. முழங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “மாப்பிள்ளை, இன்னிக்குச் சனிக்கிழமையா?” என்றார். உள்ளேயிருந்து என் மனைவி, “சீயக்காய் நான் எடுத்துத் தரேன்பா” என்றாள்.

தேங்காயெண்ணெய் காயாத எண்ணெய் என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஆளிவிதை எண்ணெய் காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகிப் படலமாகிவிடும். தேங்காயெண்ணெய் எத்தனை நாள் ஆனாலும் பிசுபிசுவென்று உட்கார்ந்திருக்கும், நாளாக ஆகச் சிக்கு நாற்றமும் அடிக்கும். அதிலும் பாலிஷ் போட்ட மரத்தில் எண்ணெய் உள்ளே இறங்கவும் வழியில்லை. நான் தேய்த்தது மரத்துக்கே தெரியாது. மாமனாருக்குத்தான் தெரிந்தது.

அடுத்தது 2020. கொரோனா எங்கள் வீட்டில் யாரையும் தொடவில்லை, மேசையை மட்டும் விடவில்லை. காய்கறிக்கு மஞ்சள் தண்ணீர், கதவுப் பிடிக்குச் சானிடைசர் என்று நாடே துடைத்துக்கொண்டிருந்தபோது நான் மேசையையும் துடைத்தேன், காலை மாலை இரண்டு வேளை. ஒரு வாரத்தில் மேசைக்குத் தேமல் வந்தது. காரணம் எளிது. பழைய மேசைகளுக்குப் போடுவது ஃபிரெஞ்சு பாலிஷ். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப் பந்தில் தொட்டு, பல தடவை பூசி ஏற்றுவது. எது அரக்கைக் கரைத்துப் பூச உதவியதோ அதே ஆல்கஹால்தான் சானிடைசரில் பாதிக்கு மேல் இருக்கிறது. ஒருவர் நாள்கணக்கில் ஏற்றிய பளபளப்பை நான் கிருமிநாசினி என்ற பெயரில் ஒரு வாரத்தில் இறக்கிவிட்டேன்.

மூன்றாவது குற்றம் ஐப்பசி மாதத்தில் நடந்தது. அடைமழை. இழுப்பறை திறக்கவில்லை. உள்ளே ரேஷன் கார்டு. மழைக்காலத்தில் மரம் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துக் குறுக்குவாக்கில் பருக்கும், நீளவாக்கில் அவ்வளவாக மாறாது. இதெல்லாம் தெரியாமல் இழைப்புளியை இரவல் வாங்கி, இழுப்பறையின் ஓரத்தைச் சீவித் தள்ளினேன். வெண்ணெய் போல ஓடியது. சித்திரை பிறந்தது. மரம் பழையபடி இளைத்தது. இழுப்பறை அப்பா சட்டையைப் போட்ட பையன் மாதிரி உள்ளே லொடலொடவென்று ஆடியது. மேசையில் யாராவது எழுதினால் பக்கத்து அறையில் கேட்டது.

போதாக்குறைக்கு, மேசைக்கு அடியில் தினமும் கொஞ்சம் மாவு கொட்டிக் கிடந்தது. கோலமாவு சிந்தியிருக்கும் என்று நான் பெருக்கிக்கொண்டே இருந்தேன்.

கடைசியில் எழுபது வயது தாண்டிய ஆசாரி ஒருவரை அழைத்து வந்தேன். மேசையை ஒரு சுற்றுச் சுற்றினார். குனிந்தார். தட்டிக் கேட்டார். நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தார்.

“யார் சார் இதைப் பராமரிக்கிறது?”

“நான்தான் ஐயா.”

“விட்டுடுங்க சார்.”

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். “மேல்பலகை தேக்கு. கால் பூவரசு. டிராயர் அடிப்பலகை மாமரம்.”

“பர்மா?”

“பர்மாவெல்லாம் இல்ல சார். மாவு கொட்டுதே, அது மாம்பலகையில. உள்ளே வண்டு இருக்கு. தேக்குல வைரம் பாஞ்ச கட்டையை அது தொடாது.”

மூன்று தலைமுறைப் பெருமை மூன்று வாக்கியத்தில் முடிந்தது.

அடிப்பலகையை மாற்றினார். இழுப்பறையின் ஓரத்தில் மெல்லிய தேக்குச் சட்டம் ஒட்டினார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி பாலிஷ் ஏற்றினார். இனிமேல் மழைக்காலத்தில் இழுப்பறை பிடித்தால் மெழுகுவர்த்தியை எடுத்து ஓரத்தில் தேய்த்தால் போதும் என்றார். சூடான காபி டம்ளரை அப்படியே வைத்தால் வெள்ளை வளையம் விழும், அது பாலிஷில் மாட்டிக்கொண்ட ஈரம், மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, பதறிப்போய்ப் பற்பசை போட்டுத் தேய்க்க வேண்டாம் என்றார். ஈரச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வை, ஜன்னல் வெயில் நேரே படவிடாதே, மேசைக்கு அடியில் புதிதாக மாவு விழுந்தால் உடனே கூப்பிடு. அவ்வளவுதான்.

“ஆளிவிதை எண்ணெயாவது வாங்கி வச்சுக்கவா?” என்று கேட்டேன். பழக்கம் விடுமா?

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அந்த எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டி மூலையில போட்டா தானே சூடேறித் தீப்பிடிக்கும் சார். உங்க கையில அது வேண்டாம்” என்று சொல்லிவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டு போனார்.

ஆகவே வாசகர்களே, உங்கள் வீட்டில் தாத்தா மேசை இருந்தால் உலர்ந்த பருத்தித் துணியால் தூசி துடையுங்கள். மற்ற நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டிருங்கள். அப்படியும் கை அரித்தால், தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து உங்கள் தலையில் தேய்த்துக்கொள்ளுங்கள்.