வாசல்வழி விருட்ச நிர்ணயம்

ஆராய்ச்சிக்கு உட்படாத விஷயங்கள் அருகிவரும் இக்காலத்தில், கேட்டிலிருந்து போர்ட்டிகோ வரை கார் வந்துசேரும் வழியின் இருமருங்கிலும் எந்த மரத்தை வைப்பது என்னும் மகத்தான பிரச்சினையைப் பண்டிதர் எவரும் கையிலெடுக்காதிருப்பது கல்வியுலகுக்கே ஒரு குறை என்று கருதி, அதை நிவர்த்திக்கும் பொருட்டு இச்சிறு பிரபந்தம் இயற்றப்படுகிறது. இதற்கு எல்லை, சென்னைப் புறநகரில் இரண்டு கிரவுண்டு, அதாவது 4,800 சதுர அடி மனை. கேட்போர், வீடு கட்டி முடித்துக் கையில் சிறிது பணமும் நிறைய அபிப்பிராயங்களும் மிஞ்சியிருப்போர். பயன், இல்லற சமாதானம்.

முதற்கண் ஆப்தவாக்கியத்தை நோக்குவோம். அசோகச் சக்கரவர்த்தி சாலையோரங்களில் மரம் நட்டார் என்பது பள்ளிக்கூட வாசலை மிதித்த தமிழர் அனைவர்க்கும் மனப்பாடம். ஆனால் அவருடைய ஏழாம் தூண் சாசனம் நிழலுக்காகக் குறிப்பிடும் மரம் ஆல். அடையாற்றுப் பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலமரம், 1989இல் அடித்த புயலில் தாய்மரம் சாய்ந்த பின்னரும் விழுதுகளின் பலத்திலேயே விரிந்து நிற்பதைக் கண்டவர்கள், பன்னிரண்டடி வழியில் ஆலை வைக்கும் வீட்டுக்காரர் காலக்கிரமத்தில் மனையை அதன் பேருக்கு எழுதிவைத்துவிட்டுத் தாம் வாடகை வீடு தேட நேரும் என்பதை அனுமானத்தால் உணர்வர். ராஜபாட்டைக்கு உரிய பிரமாணம் கார்வழிக்குச் செல்லாது.

இனிப் பூர்வபட்சங்கள் மூன்று. சௌந்தரியவாதிகள், மடகாஸ்கரிலிருந்து வந்த குல்மொஹரே கோடையில் வீட்டுக்குச் சிவப்புப் பரிவட்டம் கட்டும் என்பர். அதை மறுக்க நாம் வாயைத் திறக்க வேண்டியதில்லை. 2016 டிசம்பர் 12ஆம் தேதி சென்னையைக் கடந்த வர்தா புயலே மறுத்துவிட்டது. முறியும் கிளையும் மேலோட்டமான வேரும் உடைய அம்மரம், காற்றோடு வாதிடும் திராணியற்றது. பிரயோஜனவாதிகள், காய் கனி தராத மரம் மரமே அன்று என்று தென்னையையும் மாவையும் நாவலையும் நாட்டுவர். தேங்காய்க்குக் கார்க்கூரையும் மண்டையும் ஒன்றே என்பதையும், மா பூக்கும் பருவத்தில் தத்துப்பூச்சிகள் சொரியும் பிசுபிசுப்புத் தூசியோடு கூடி வண்டிக்கு ஒரு புது வர்ணம் பூசும் என்பதையும், ஆனி ஆடியில் நாவற்பழம் இடும் கறை வண்டிக்காரரின் பொறுமையைக் காட்டிலும் நீடித்து நிற்கும் என்பதையும் இவர்கள் கணக்கில் கொள்வதில்லை. மூன்றாமவர் சிக்கனவாதிகள்; இவர்களுக்கு உகந்தது ‘அசோகா’ என்று பெயர் மாறி வழங்கும் நெட்டிலிங்கம். இடத்தை அடைக்காது, சுவரை இடிக்காது என்பர். நிழலும் தராது என்பதைச் சொல்லாது விடுவர். அது பழுக்குங்கால் இரவில் வந்து கூடும் வௌவால்களின் விருந்தோம்பலையும் நாமே ஏற்க நேரும்.

சித்தாந்தமாவது: உயரமும் வர்ணமும் மரத்தின் மேலெழுந்த லட்சணங்களே, அதிலிருந்து எது விழுகிறது என்பதே அதன் சொரூப லட்சணம். வீழ்ச்சி நால்வகைப்படும். தென்னை, பலா முதலியவற்றினது கனவீழ்ச்சி, உயிருக்குப் பகை. நாவல், மா ஆகியவற்றினது கறைவீழ்ச்சி, வர்ணத்துக்குப் பகை. வாதுமை, வேம்பு ஆகியவற்றினது சருகுவீழ்ச்சி, முதுகெலும்புக்குப் பகை, எனினும் மாசி பங்குனியில் இலை கொட்டும் வேம்பைப் பின்வரும் பூவால் வைக்கும் ரசத்தை உத்தேசித்து மன்னிப்பது மரபு. மகிழம், புங்கம், பவழமல்லி ஆகியவற்றினது மலர்வீழ்ச்சி ஒன்றே நட்பு. “எதுவுமே விழாத மரம் கிடையாதோ?” எனின், உண்டு, அதற்குச் சிமெண்டுத் தூண் என்று பெயர் என்க.

இத்தனை நியாயம் பேசியும் அதிகாரி யார் என்பது எஞ்சி நிற்கிறது. மரத்தைத் தேர்பவர் பெரும்பாலும் மாடியில் காபி டம்ளரோடு நின்று பூவைப் பார்ப்பவர். விடியற்காலையில் துடைப்பத்தோடு குனிபவரோ வேறொருவர். முன்னவர் காண்பது காட்சி, பின்னவர் அறிவது பரிமாணம். விழுவதை அளந்தறிந்தவரே விருட்ச சாஸ்திரத்தில் பிரமாண புருஷர், அவர் பெரும்பாலும் ஸ்திரீயாக இருப்பினும்.

ஆகவே தீர்ப்பு வருமாறு: பிற்பகல் வெயில் தாக்கும் மேற்குப் பக்கத்தில், சுவரை விட்டுத் தள்ளி, மின்கம்பிக்கு எட்டாத இடத்தில் புங்கம், அது ஆண்டுக்கொருமுறை இலையுதிர்த்தாலும் விரைவிலேயே தளிர்த்துவிடும், அதன் பூ பொரி இறைத்தாற்போல் வழியெங்கும் கிடக்கும். கிழக்கே மகிழம், மெல்ல வளரும் மரமாயினும், காய்ந்த பின்னும் மணம் விடாத பூவைப் பெருக்குவதில் எவர்க்கும் கோபம் வருவதில்லை. இத்தீர்ப்பில் ஐயமுள்ளவர்கள், நர்சரிக்குப் புறப்படுமுன் தம் வீட்டில் வாசல் பெருக்குபவரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் புறப்படுவார்களாக.