சுவர்க் கடிகாரங்களின் இடப்பெயர்ச்சி: குறைந்த செலவுக் கிறிஸ்துமஸ் பரிசுகள் குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

டிசம்பர் பிறந்து, பாளையங்கோட்டை, நாசரேத், நாகர்கோவில் வட்டாரங்களில் வாசலுக்கு ஸ்டார் ஏறியதும் வீட்டுக்குள் ஒரு பட்டியல் தயாராகிறது. சித்தி வீடு, அத்தை வீடு, மாடி வீட்டுக்காரர், சண்டே ஸ்கூல் டீச்சர், கொயர் மாஸ்டர், போன வருஷம் யாரும் எதிர்பாராத நேரத்தில் ஒரு பெட்டியை நீட்டி நம்மைக் கடனாளியாக்கிய பெரியப்பா மருமகள் எனப் பட்டியல் நீளும். பணம் நீளாது. இந்த இரண்டுக்கும் நடுவிலே பிறக்கும் கேள்விதான் இவ்வாய்வின் பொருள்: மரியாதை குறையாமல் கொடுக்கக்கூடிய பரிசின் குறைந்தபட்ச விலை என்ன?

ஆய்வு எல்லை தென் மாவட்டங்கள். கேக் தனித் துறை என்பதால் சேர்க்கப்படவில்லை. தங்க நகை கொடுக்கிறவர்களும் சேர்க்கப்படவில்லை. அவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவைப்படவும் செய்யாது.

2. முன்னாய்வுகள்

துறையின் மூல ஆவணம் மத்தேயு சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரம். கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் ஆகியவற்றைக் காணிக்கையாக வைத்தார்கள். வந்தவர்கள் மூன்று பேர் என்று அதிகாரத்தில் எங்கும் இல்லை. பரிசுகள் மூன்று, ஆகவே ஆட்களும் மூன்று என்று பின்னால் வந்தவர்கள் கணக்குப் போட்டுக்கொண்டார்கள். இரண்டு பேர் சேர்ந்து ஒரே பரிசு கொடுத்திருக்கலாம் என்ற சாத்தியத்தை யாரும் யோசிக்கவில்லை. பங்குப் பரிசு என்னும் சிக்கன முறையை அறிந்த எந்த அலுவலக ஊழியரும் இதை முதலில் யோசித்திருப்பார். வெள்ளைப்போளமோ இறந்தவர் உடலைப் பதப்படுத்த உதவும் பொருள். பச்சைப் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு அதை எடுத்துப் போனதற்கு வேத அறிஞர்கள் ஆழ்ந்த விளக்கம் தருவார்கள். நம் துறைக்கு ஒரு செய்தி போதும்: வாங்குகிறவருக்கு என்ன தேவை என்று கேட்காமல் கொடுக்கும் வழக்கம் முதல் கிறிஸ்துமஸிலேயே தொடங்கிவிட்டது.

இந்த வழக்கத்தால் ஏற்படும் நட்டத்தை அளந்தவர் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜோயல் வால்ட்ஃபோகல். 1993-இல் அவர் வெளியிட்ட கட்டுரை, பரிசுப் பொருள்களின் மதிப்பில் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை கைமாறும்போதே காணாமல் போகிறது என்று மதிப்பிட்டது. கொடுத்தவர் நூறு ரூபாய் போட்டிருந்தால், வாங்கியவர் கண்ணுக்கு அது எழுபதோ தொண்ணூறோதான். உறவு விலக விலக நட்டம் கூடும் என்பதும் அவர் கண்டது. நம் ஊர்த் தாத்தாக்கள் வால்ட்ஃபோகலைப் படித்தவர்கள் அல்லர். ஆனாலும் ஆராதனை முடிந்து ஆலய வாசலில் பேரன் கையைப் பிடித்து, நான்காக மடித்த நோட்டை உள்ளங்கையில் அழுத்தி, "அம்மாகிட்ட சொல்லாத" என்கிறார்கள். மதிப்பு இழப்பு பூஜ்யம். அம்மாவுக்குத் தெரியும்வரை.

பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925-இல், பரிசுக்கு மூன்று கடமைகள் உண்டு என்று எழுதினார்: கொடுத்தாக வேண்டும், வாங்கியாக வேண்டும், திருப்பிச் செய்தாக வேண்டும். புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கம் மொய் விருந்தில் நோட்டுப் போட்டு எழுதிவைப்பது இந்த மூன்றாம் கடமையைத்தான். கிறிஸ்துமஸுக்கு நோட்டு கிடையாது. அந்த வேலையை அம்மாக்களின் ஞாபகம் பார்த்துக்கொள்கிறது. ஆனால் மோஸ் நான்காவது கடமை ஒன்றைக் கவனிக்காமல் விட்டுவிட்டார். கொடுத்தவர் வீட்டுக்கு வரும்போது, கொடுத்த பொருள் அவர் கண்ணில் பட வேண்டும்.

3. வகைப்பாடு

கள ஆய்வில் கிடைத்த பரிசுகளை நான்காகப் பிரிக்கலாம்.

அ. காலாவதிப் பரிசு: தினசரிக் காலண்டர், டைரி. ஏதாவது கடையில் இலவசமாகக் கிடைத்தவை. எனவே செலவே இல்லை. ஜனவரி முதல் வாரம் தாண்டினால் மதிப்பும் இல்லை. எல்லா வீட்டிலும் இதே யோசனை ஓடுவதால், ஓர் ஆணிக்கு ஆறு காலண்டர் என்ற நிலை ஏற்படுகிறது.

ஆ. சுற்றும் பரிசு: சுவர்க் கடிகாரம், கண்ணாடி டம்ளர் செட், போட்டோ ஃப்ரேம். இவற்றைப் புரிந்துகொள்ள மானிடவியல் அறிஞர் மாலினோவ்ஸ்கியிடம் போக வேண்டும். பசிபிக் கடலின் டிரோபிரியாண்ட் தீவுகளில், சிப்பி மாலைகள் ஒரு திசையிலும் சங்குக் காப்புகள் எதிர்த்திசையிலும் தீவு தீவாகச் சுற்றிவருவதை அவர் 1922-இல் பதிவுசெய்தார். கைக்கு வந்ததை நெடுநாள் வைத்துக்கொள்கிறவருக்கு அங்கே கெட்ட பெயர். பாளையங்கோட்டையிலும் கடிகாரம் ஒரு திசையில் போகிறது, டம்ளர் செட் எதிர்த்திசையில் வருகிறது. ஒரே வேறுபாடு, இங்கே வைத்துக்கொள்ளாமல் தள்ளிவிடுகிறவருக்குத்தான் கெட்ட பெயர். அதுவும் பிடிபட்டால் மட்டும்.

பிடிபடுவது பெரும்பாலும் பொட்டலத்தால். கிஃப்ட் பேப்பரைப் பிளேடால் டேப் ஓரமாக அறுத்து, மடித்து, மெத்தைக்கு அடியில் வைத்துப் பாதுகாக்கும் குடும்பங்களில், பழைய மடிப்புக்கோடு புதிய பெட்டியின் விளிம்போடு சேராது. அனுபவமுள்ள அத்தைகள் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே இதைப் பார்த்துவிடுகிறார்கள்.

இ. நிற்கும் பரிசு: பெயர் வெட்டிய எவர்சில்வர் பாத்திரம். சுற்றுதலைத் தடுக்கத் தமிழர் கண்ட ஒரே உறுதியான கருவி. கடைக்காரர் பெயர் வெட்டும் மெஷினை வைத்து, கொடுப்பவர் பெயரையும் தேதியையும் விளிம்பில் கொத்திவிட்டால், அந்தத் தூக்குவாளி வேறு எந்த வீட்டுக்கும் பரிசாகப் போக முடியாது. பரணில் ஏறி ஓய்வெடுக்கும். கொடுத்தவர் பெயர் நிலைக்கிறது. வாங்கியவரின் சுதந்திரம் போகிறது.

ஈ. தீரும் பரிசு: முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு, அதிரசம், தூத்துக்குடி மக்ரூன். இவை தின்றால் தீர்ந்துவிடும். எங்கே மாட்டியிருக்கிறீர்கள் என்று யாரும் தேட முடியாது.

4. விலை அறிவிப்பின் நுட்பங்கள்

பொட்டலப் பொருள்களில் சில்லறை விலை அச்சிடப்பட வேண்டும் என்பது சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருள்கள்) விதிகள், 2011-இன் கட்டளை. நுகர்வோரைக் காக்க வந்த இந்த விதி, பரிசு கொடுப்போருக்கும் பேருதவி செய்கிறது. பெட்டியில் 499 என்று இருக்கும். கடைக்காரர் 220-க்குத் தருவார். இடைப்பட்ட 279 ரூபாய் யாருடைய பையிலிருந்தும் போகாமல் நம் மரியாதைக் கணக்கில் வரவாகிறது.

விலைச் சீட்டு விஷயத்தில் இரண்டு மரபுகள் உண்டு. விலை குறைவானால் நகத்தால் சுரண்டி, போகாததற்குத் தேங்காய் எண்ணெய் தடவி எடுப்பது சுரண்டல் மரபு. விலை கூடுதலானால் சீட்டு எடுக்கப்படுவதில்லை. "ஐயோ, கிழிக்க மறந்துட்டேனே" என்ற வசனத்தோடு கொடுக்கப்படும். இது மறதி மரபு. மறதி ஒருபோதும் 120 ரூபாய்ப் பொருளுக்கு வருவதில்லை.

5. கருதுகோளும் மறுப்பும்

குறைந்த செலவில் சிறந்தது தீரும் பரிசே என்பது கருதுகோள். மாவு, வெல்லம், எண்ணெய் எப்படியும் நம் வீட்டுக்காக வாங்கியவை. ஈடு பெரிதாகப் போட்டால் பத்து வீட்டுக்குத் தட்டு போகும். தட்டு திரும்பும்போது வெறுமனே வராது. கொஞ்சம் சர்க்கரையோ இரண்டு வாழைப்பழமோ இருக்கும். அடுத்த வீட்டு இந்துக் குடும்பத்திலிருந்து தீபாவளிக்கு வந்த தட்டுக்கும் இதோடு கணக்கு நேராகிவிடும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பலகாரமும் சுற்றுமே? அத்தை வீட்டு அச்சுமுறுக்கு நம் வீட்டு டின்னில் விழுந்து, நம் அதிரசத்தோடு கலந்து, மாடி வீட்டுக்குப் போகும் தட்டில் ஏறுகிறது. அங்கிருந்து ஒரு பகுதி அத்தை வீட்டுக்கே போய்ச் சேர்வதும் உண்டு.

உண்மைதான். ஆனால் அத்தை முதல் கடியிலேயே கண்டுபிடித்துவிடுகிறார். முந்திரிக்கொத்தில் பாகு ஒரு கம்பி கூடினால் ஒரு கடினம், பயறு வறுபட்ட அளவுக்கு ஒரு வாசம், எள் போட்ட கை, ஏலக்காயில் சிக்கனம் பிடித்த கை என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அடையாளம் இருக்கிறது. கடைப் பெட்டிக்கு அது இல்லை. அதனால்தான் அதற்கு மெஷினால் பெயர் வெட்ட வேண்டியிருக்கிறது. கைப்பக்குவம் கொத்தாமலே கொத்திய பெயர். எத்தனை வீடு சுற்றினாலும் செய்தவரின் பெயரோடுதான் சுற்றும். ஆகவே மறுப்பு தள்ளுபடி செய்யப்படுகிறது.

6. முடிவுரை

ஆய்வின் முடிவுகள்: பரிசு மலிவாக இருப்பதால் மரியாதை போவதில்லை, யாருக்கு என்று யோசிக்காமல் வாங்கியது தெரிந்தால்தான் போகிறது. மாட்டிவைக்க வேண்டிய பரிசு, வாங்குகிறவருக்கு ஓர் ஆணியும் ஆயுட்காலப் பொறுப்பும் செலவு வைக்கிறது. தீரும் பரிசு ஒரே ஒரு செலவுதான் வைக்கிறது. ஜனவரியில் கொடுத்தவர் எதிர்ப்பட்டு, "முந்திரிக்கொத்து எப்படி இருந்துச்சு?" என்று கேட்பார். அதை அம்மியில் வைத்துத் தட்டித் தின்றவரும், "சூப்பரா இருந்துச்சுக்கா, இன்னும் ரெண்டு வச்சிருக்கலாம்" என்பார்.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை இதுவே. ஆய்வுக் களத்தில் கிடைத்த பரிசுகளிலேயே மிகக் குறைந்த விலையுள்ளது இந்த ஒரு வாக்கியம்தான். கொடுப்பவருக்குக் காலணாச் செலவில்லை, பேப்பர் சுற்ற வேண்டாம், சீட்டுச் சுரண்ட வேண்டாம். வாங்கியவர் இதை வேறு யாருக்கும் தள்ளிவிட்டதாகவும் பதிவு இல்லை. அடுத்த டிசம்பரில் இரண்டு முந்திரிக்கொத்து கூடுதலாக வைத்து அனுப்புகிறார்.